ஐந்து நாளில் இருபது ரெக்கார்டு கடைகளைப் பார்க்க முடியுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: ஒரு பெருநகரத்துக்கு ஐந்து நாள் போகிறீர்கள். ஓரிருவர் சொந்தமாக நடத்துகிற சின்ன ரெக்கார்டு கடைகள் அங்கே இருபதுக்கு மேல் இருக்கின்றன என்று தேடிப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். இசைத்தட்டு வாங்க ஆரம்பித்து ஒரு வருஷம்தான் ஆகிறது. எல்லாக் கடைகளையும் பார்க்க எப்படித் திட்டம் போடுவது? ஆனால் கேள்வியின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “உள்ளே போனால் எங்கே கை வைப்பதென்று தெரியாமல் பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிடுகிறேன்.” எனக்கு அதுதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. இருபது கடைக்கும் வழி கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஒரு கடைக்குள் இரண்டு மணி நேரம் நிற்கத் தெரிவதுதான் விஷயம், அதைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

பழைய ரெக்கார்டு கடை ஒன்றில் பதினோரு வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். வீடுகளுக்குப் போய்ச் சேகரிப்புகளைப் பார்த்து விலை பேசுவது, தட்டுகளைக் கழுவி, தரம் எழுதி, பெட்டியில் அடுக்குவது, கல்லாவில் உட்கார்வது எல்லாம் செய்திருக்கிறேன். வேலையை விட்ட பிறகும் எந்த ஊருக்குப் போனாலும் கடை தேடிப் போகிற பழக்கம் விடவில்லை. என் கை வழியாக அதிகம் போனவை ஜாஸ், சோல், ராக், திரையிசை. டிஜேக்கள் போகிற பன்னிரண்டு அங்குல சிங்கிள் (ஒன்றிரண்டு பாட்டு மட்டுமே உள்ள பெரிய தட்டு) கடைகளில் நான் வாடிக்கையாளர் மட்டும்தான், அந்த மாதிரிக் கடைகள் விஷயத்தில் என் பேச்சைக் கொஞ்சம் கழித்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. ஓரளவு பெரிய பழைய ரெக்கார்டு கடையில் பத்தாயிரம் எல்பி, அதாவது முழு ஆல்பம் அடங்கிய பெரிய தட்டு, இருப்பது ஆச்சரியமில்லை. ஒரு உறையைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போக இரண்டு விநாடி என்று வைத்தாலும், எதையும் வெளியே எடுக்காமல், நிற்காமல் புரட்டினாலே ஐந்தரை மணி நேரம் ஆகிவிடும். அதனால் ஒரு கடையைக்கூட நீங்கள் முழுதாகப் பார்க்கப் போவதில்லை, இதை முதலிலேயே ஏற்றுக்கொண்டால் பாதிப் பதற்றம் போய்விடும். நான் சொல்வது ஒரு நாளைக்கு இரண்டு கடை, அதற்கு மேல் வேண்டாம். நாலு நாளில் எட்டுக் கடை. ஐந்தாவது நாளை வேண்டுமென்றே காலியாக விடுங்கள், முதல் இரண்டு நாளில் பார்த்து மனதில் நின்ற கடைக்குத் திரும்பிப் போவதற்காக. நாலு நாளில் கண் நிறையப் பழகியிருக்கும். முதல் நாள் தாண்டிப் போன அதே பெட்டியில் வேறு தட்டுகள் கண்ணில் படும். எனக்கு இது ஒவ்வொரு பயணத்திலும் நடந்திருக்கிறது.

எட்டுக் கடையை எப்படித் தேர்ந்தெடுப்பது? புதுத் தட்டு மட்டும் விற்கிற கடை, பழையது மட்டும் விற்கிற கடை, இரண்டும் கலந்தது, ஒரே வகை இசையை வைத்துக்கொண்டு அதில் ஆழமாகப் போகிற கடை, பழைய சாமான்களோடு ஒரு மூலையில் தட்டும் விற்கிற கடை என்று ஐந்தாறு வகை உண்டு. புதுத் தட்டு உங்களுக்கு வீட்டில் இருந்தபடியே கிடைக்கும், அதனால் பயணத்தில் பழைய தட்டுக் கடைகளுக்கும் ஒரே வகையில் ஆழமாகப் போகிற கடைகளுக்கும் முதலிடம் கொடுங்கள். ஒரே வட்டாரத்தில் நாலைந்து கடை கொத்தாக இருந்தால் ஒன்றை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு போங்கள், அடுத்தது எது என்று அந்தக் கடைக்காரரையே கேளுங்கள். அவர்களுக்கு ஒருவரை ஒருவர் நன்றாகத் தெரியும். நீங்கள் தேடுவது தன்னிடம் இல்லையென்றால் யாரிடம் இருக்கும் என்று தயங்காமல் சொல்வார்கள், கல்லாவில் நான் தினமும் செய்த வேலைகளில் அதுவும் ஒன்று. இன்னொரு விஷயம், சின்னக் கடைகளில் பலவும் காலையிலேயே திறப்பதில்லை, பதினொன்று பன்னிரண்டுக்குத்தான் ஷட்டர் ஏறும். கடையில் ஆளே ஒருவர்தான் என்றால் அவர் எங்கேயாவது சேகரிப்பு பார்க்கப் போயிருக்கும் நாளில் கடை மூடியிருக்கும். கிளம்பும் முன் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

சரி, உள்ளே போய்விட்டீர்கள். தோள்பையைக் கல்லா பக்கம் வைக்கலாமா என்று கேளுங்கள், குறுகலான கடையில் முதுகுப்பை உறைகளின் மூலையை மடக்கிவிடும். பிறகு அகரவரிசைப் பெட்டிகள் பக்கம் போகாமல், புதிதாக வந்தவை என்று எழுதிய பெட்டிக்குப் போங்கள். இல்லாத கடை அனேகமாக இல்லை. காரணம் இது: அகரவரிசையில் இருப்பது வாடிக்கையாளர்கள் பல மாதம் பார்த்துவிட்டு விட்டுவைத்தது. புதுவரவுப் பெட்டியில் இருப்பதை இன்னும் நிறையப் பேர் பார்க்கவில்லை. அதைவிட முக்கியம், கடைக்காரருக்கு இப்போது எந்த மாதிரிச் சரக்கு வருகிறது, எதை மதிக்கிறார், எப்படி விலை போடுகிறார் என்பதெல்லாம் அந்த ஒரு பெட்டியில் தெரிந்துவிடும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பழைய ரெக்கார்டு கடைக்குச் சரக்கு பெரும்பாலும் வீடுகளிலிருந்து வருகிறது. ஒருவர் சின்ன வீட்டுக்கு மாறுகிறார், ஒருவர் இறந்துபோகிறார், பிள்ளைகள் கூப்பிட்டு “அப்பாவுடையது, வந்து பாருங்கள்” என்கிறார்கள். ஒரு மனிதர் நாற்பது வருஷம் சேர்த்தது ஒரே வண்டியில் கடைக்கு வந்து இறங்கும். நான் வேலை பார்த்தபோது ஒரு சேகரிப்பு வந்தது, ஒவ்வொரு உறையின் பின்பக்கத்திலும் வலது மேல் மூலையில் பென்சிலால் வாங்கிய தேதி, பொடி எழுத்தில். உள்ளுறைகள் எல்லாம் புதிதாக மாற்றப்பட்டிருந்தன. தட்டுகளில் ஒரு விரல் ரேகை கிடையாது. கடையில் அதை நாங்கள் அகரவரிசையில் பிரித்துப் போட்டுவிட்டோம். ஒரு வாடிக்கையாளர் மட்டும் இரண்டு தட்டில் அதே பென்சில் எழுத்தைப் பார்த்துவிட்டு, இந்தக் கையெழுத்து உள்ளது வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று கேட்டார். அன்று சாயங்காலம் வரை பொறுமையாகத் தேடிப் பதினாலு தட்டு எடுத்துப் போனார், ஒன்றுகூடச் சோடை போகவில்லை. அவர் வாங்கியது அந்த முன்பின் தெரியாத மனிதரின் கவனத்தை. நீங்களும் பெட்டியைப் புரட்டும்போது இதைக் கவனியுங்கள்: ஒரே ஸ்டிக்கர், ஒரே இனிஷியல், ஒரே மாதிரி வெளியுறை. ஒரு தட்டு சுத்தமாக இருந்தால் அதே வீட்டிலிருந்து வந்த மற்றதும் சுத்தமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒன்று பாழாக இருந்தாலும் அப்படித்தான்.

கடையை எடைபோட எனக்கு இன்னொரு அடையாளம் உண்டு. விலைச் சீட்டில் விலைக்கு மேல் வேறு ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்ப்பேன். “இரண்டாம் பக்கம் மூன்றாவது பாட்டில் லேசான சத்தம், தாவவில்லை” என்று எழுதுகிற கடைக்காரர் அந்தத் தட்டைப் போட்டுக் கேட்டிருக்கிறார். அந்தக் கடையில் எழுதாத தட்டையும் நம்பலாம். எல்லாத் தட்டிலும் ஒரே தரம் எழுதியிருக்கிற கடையில் நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பார்ப்பதை எப்படிச் செய்வது என்று விளக்கமாகவே சொல்கிறேன். கேட்காமல் தட்டை வெளியே எடுக்காதீர்கள், “பார்க்கலாமா?” என்று ஒரு வார்த்தை போதும். உறையின் வாயைச் சாய்த்து, உள்ளுறையோடு சேர்த்து வெளியே எடுங்கள். உள்ளுறைக்குள் விரலை விடாமல், தட்டு தானாகச் சரிந்து உங்கள் கைக்கு வரட்டும்: கட்டைவிரல் விளிம்பில், மற்ற விரல்கள் நடு லேபிளின் அடியில். ஒலி பதிந்த கோடு ஓடுகிற பகுதியில் விரல் படக்கூடாது. முதலில் தட்டைக் கண்மட்டத்தில் படுக்கைவாட்டில் பிடித்து விளிம்பைப் பாருங்கள், வளைந்திருந்தால் உடனே தெரியும். தட்டு முழுவதும் கிண்ணம் மாதிரி லேசாகக் குழிந்திருந்தால் பெரும்பாலும் சமாளித்து ஓடும், விளிம்பில் ஒரே இடத்தில் மட்டும் சட்டென்று தூக்கியிருந்தால் விட்டுவிடுங்கள், பிளேயரின் முள் அங்கே குதிக்கும்.

பிறகு ஒற்றை விளக்குக்கு அடியில் போய் நின்று தட்டை மெல்லச் சாய்த்துத் திருப்புங்கள். ட்யூப்லைட் வெளிச்சத்தில் பாதிக் குறை மறைந்துவிடும், அதனால் நான் சின்ன டார்ச் ஒன்று எப்போதும் வைத்திருப்பேன். ஒளியில் மட்டும் தெரிகிற மயிரிழைக் கீறல்கள் பெரும்பாலும் காதில் விழாது. ஆழமான கீறல் கேட்கும், எவ்வளவு நேரம் கேட்கும் என்று கணக்கே போடலாம். நிமிஷத்துக்கு 33⅓ சுற்று என்ற எல்பி வேகத்தில் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 1.8 விநாடி. ஒரு பக்கத்தில் இருப்பது ஒரே கோடுதான், அதுதான் சுருளாக உள்ளே போகிறது, ஒரு மில்லிமீட்டருக்குள் ஏறத்தாழப் பத்துச் சுற்று. அப்படியென்றால் குறுக்கே ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு விழுந்த ஆழமான கீறல் நூறு சுற்றைத் தொடும், அதாவது சுமார் மூன்று நிமிஷம் டிக், டிக் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு பாட்டு போய்விட்டது. இதைவிட ஆபத்தானது கோட்டோடு சேர்ந்து நீளவாக்கில் போகிற சின்னக் கீறல். பார்வைக்கு ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும், ஆனால் முள் அதில் வழுக்கிப் பக்கத்துச் சுற்றுக்குத் தாவும், இல்லையென்றால் வந்த இடத்துக்கே திரும்பத் திரும்ப வரும். ஒருவர் சொன்னதையே சொல்லும்போது கீறல் விழுந்த ரெக்கார்டு என்கிறோமே, அது இந்த வகைக் கீறல்தான்.

கீறலைவிட மோசமானது தேய்மானம், புதியவர்கள் ஏமாறுவது இதில்தான். ஒரு கீறல்கூட இருக்காது, ஆனால் கருகருவென்று பளபளக்க வேண்டிய தட்டு சாம்பல் பூத்த மாதிரி மங்கியிருக்கும். மழுங்கிய முள்ளையோ, முள்ளைத் தாங்குகிற கனமான பழைய கையையோ வைத்துப் பல நூறு தடவை ஓட்டியது. கோட்டின் சுவரே தேய்ந்துவிட்டதால் எந்தக் கழுவலிலும் சரியாகாது. உரத்த இடங்களிலும், ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டிலும்தான் குரல் கரகரக்கும், ஏனென்றால் உள்ளே போகப் போக அதே 1.8 விநாடியில் முள் கடக்கிற தூரம் குறைந்து, ஒலி நெருக்கி எழுதப்பட்டிருக்கும். தட்டை நடுத்துளைப் பக்கமும் பாருங்கள். லேபிளில் துளையைச் சுற்றிக் கிறுக்கல் மாதிரி மெல்லிய கோடுகள் நிறைய இருந்தால், தட்டை வைக்கும்போது பிளேயரின் நடுத்தண்டைத் தேடி அலைந்த தடம் அது, அடிக்கடி ஓடிய தட்டு என்று அர்த்தம். தூசி, விரல் ரேகை, பெரும்பாலான பூஞ்சைப் புள்ளிகள் கழுவினால் போகும், அவற்றைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

இரண்டு தட்டு உள்ள ஆல்பம் என்றால் இரண்டையும் எடுத்துப் பாருங்கள். ஆரம்ப காலத்தில், ஒரு கடையில் மடிப்பு உறை அழகாக இருந்ததைப் பார்த்து அப்படியே வாங்கிக்கொண்டு ரயிலேறிவிட்டேன். வீட்டில் திறந்தால் உள்ளே முதல் தட்டே இரண்டு. யாரோ இரண்டு பிரதியைக் கலந்துவிட்டிருக்கிறார்கள், கடையிலும் கவனிக்கவில்லை. அந்த ஆல்பத்தின் மூன்றாம் நான்காம் பக்கங்களைக் கேட்க எனக்கு அப்புறம் ஆறு வருஷம் ஆனது.

தரக்குறிகள் பற்றி. கோல்ட்மைன் என்ற அமெரிக்கச் சேகரிப்பாளர் இதழ் வகுத்த வரிசையைத்தான் நிறையக் கடைகள் பின்பற்றுகின்றன: மிண்ட், நியர் மிண்ட், வெரி குட் பிளஸ், வெரி குட், குட், அதற்குக் கீழே ஃபேர், புவர். பெயர்களை அப்படியே நம்பினால் மோசம்போவீர்கள். குட் என்றால் நல்ல தட்டு இல்லை, ஓடும், ஆனால் பாட்டு முழுக்கச் சத்தம் கூடவே வரும். கேட்பதற்காக வாங்குகிறவருக்கு வெரி குட் பிளஸ்தான் சரியான இடம் என்பது என் முடிவு, அந்த இதழின் கணக்கிலேயே அதன் மதிப்பு நியர் மிண்டில் பாதிதான், காதுக்குத் தெரிகிற வித்தியாசமோ மிகக் குறைவு. உறைக்கும் தட்டுக்கும் தனித்தனியே தரம் போடுவார்கள். உறை கிழிந்து தட்டு நன்றாக இருக்கிற பிரதிதான் பயணத்தில் நீங்கள் தேட வேண்டியது. உறையின் மூலை வெட்டப்பட்டிருந்தாலோ, ஓரத்தில் சின்ன ஓட்டையோ அறுப்போ இருந்தாலோ தட்டில் குறை என்று நினைக்காதீர்கள், விற்காமல் நின்ற சரக்கை நிறுவனங்கள் மலிவாகத் தள்ளிவிடும்போது போட்ட அடையாளம் அது. வானொலிக்கும் பத்திரிகைக்கும் இலவசமாகக் கொடுத்த பிரதிகளில் விற்பனைக்கு அல்ல என்ற முத்திரை இருக்கும், அவற்றைத் தாராளமாக எடுக்கலாம், பெரும்பாலும் முதலில் அச்சான தொகுதியிலிருந்து போனவை.

எந்த வருஷத்து அச்சு என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டிருந்தீர்கள். உறையின் பின்னால் அச்சிட்ட வருஷத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், அது பெரும்பாலும் பதிவின் வருஷம், அதே உறையை இருபது வருஷம் கழித்தும் அப்படியே அச்சடித்திருப்பார்கள். தட்டையே படிக்க வேண்டும். கடைசிப் பாட்டு முடிந்து லேபிள் ஆரம்பிக்கிற வரை வழுவழுப்பான ஒரு வளையம் இருக்கிறதல்லவா, அதைச் சாய்த்துப் பிடித்து டார்ச் அடித்தால் கையால் கீறிய அல்லது அச்சால் குத்திய எண்களும் எழுத்துகளும் தெரியும். எந்த மூல வெட்டிலிருந்து (அச்சடிப்பதற்காக ஒலியை முதலில் கோடாக வெட்டியது) இந்தத் தட்டு வந்தது என்பதற்கான அடையாளம் அது. சில ஒலிப் பொறியாளர்கள் தங்கள் கையெழுத்தையும் அங்கே விட்டுப் போயிருக்கிறார்கள். ஜாஸ் தட்டில் ஆங்கில எழுத்தில் ஆர்விஜி அல்லது வான் கெல்டர் என்று இருந்தால் ரூடி வான் கெல்டர் தன் கையால் வெட்டியது. ராக் தட்டில் ஆர்எல் என்று இருந்தால் பாப் லுட்விக். அந்த எண்ணை அப்படியே டிஸ்காக்ஸ் தளத்தில் போட்டால் எந்த நாட்டில், எந்த அச்சு என்று பெரும்பாலும் கிடைத்துவிடும், 2000இல் எலக்ட்ரானிக் இசைக்கான தகவல்தளமாக ஆரம்பித்து இப்போது எல்லா இசைக்கும் அதுதான் பதிவேடு. எனக்கு இந்த வளையத்தைப் படிப்பது இன்றைக்கும் அலுக்கவில்லை. ஐம்பது அறுபது வருஷத்துக்கு முன் ஒருவர் வேலை முடிந்து கீறிவிட்டுப் போன இரண்டு எழுத்து கையில் இருக்கிறது.

இதுவரை சொன்னவை எனக்கு நிச்சயம். இனிச் சொல்வதில் வாதத்துக்கு இடமுண்டு. முதல் அச்சுதான் நன்றாக ஒலிக்கும் என்று பலரும் அடித்துச் சொல்வார்கள். பல தட்டில் உண்மை, அப்போது ஒலிநாடா புதிது, பதிவு செய்தவர்களே பக்கத்தில் இருந்தார்கள். ஆனால் விதியாக எடுத்துக்கொள்ள முடியாது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பிளாஸ்டிக் விலை ஏறியபோது சில நிறுவனங்கள் மெல்லிய தட்டு, மறுசுழற்சி செய்த பிளாஸ்டிக் என்று இறங்கின, அந்தக் காலத்து முதல் அச்சைவிடக் கவனமாகச் செய்த மறு அச்சு அமைதியாக ஓடுவதை நானே ஒப்பிட்டுக் கேட்டிருக்கிறேன். 180 கிராம் என்று ஒட்டியிருக்கிற ஸ்டிக்கருக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள், கனமான தட்டு வளைவது குறையலாம், ஒலியைத் தீர்மானிப்பது மூலத்திலிருந்து வெட்டியவரின் வேலை. முழுக்க அனலாக், அதாவது இடையில் டிஜிட்டலே கலக்காதது, என்பது பற்றியும் மனதைத் திறந்து வைத்திருங்கள். மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் மறு அச்சுகள் நாடாவிலிருந்து நேராக வெட்டியவை என்று வாங்கியவர்கள் நம்பியிருந்தார்கள், அவற்றில் பலவற்றில் இடையே ஒரு டிஜிட்டல் படி இருந்தது 2022இல்தான் வெளியே வந்தது, வெளியே கொண்டுவந்தவர் ஒரு ரெக்கார்டு கடைக்காரர். அதுவரை அந்தத் தட்டுகளின் ஒலியை மனதாரப் புகழ்ந்தவர்களில் தேர்ந்த காதுக்காரர்களும் உண்டு. ஒன்று மட்டும் தயங்காமல் சொல்லலாம்: 1960களில் வந்த தட்டுகளில் மோனோ பதிவை எலக்ட்ரானிக் முறையில் ஸ்டீரியோ ஆக்கியது என்று உறையில் சின்ன எழுத்தில் இருந்தால் வாங்காதீர்கள். அதே பதிவின் மோனோ பிரதியைத் தேடுங்கள்.

விலை விஷயத்தில், போனில் டிஸ்காக்ஸ் பார்ப்பது தப்பில்லை, ஆனால் யாரோ கேட்கிற விலையைப் பார்க்காமல், இதுவரை விற்ற விலையின் நடு மதிப்பைப் பாருங்கள். அதோடு கடையில் நீங்கள் கையில் எடுத்துப் பார்த்து வாங்குகிறீர்கள், தபால் செலவில்லை, அதற்கும் ஒரு மதிப்பு உண்டு. ஒரே தட்டுக்குப் பேரம் பேசுவது எனக்குப் பிடிக்காது, கடைக்காரர்களுக்கும் பிடிக்காது. எட்டுப் பத்து தட்டு சேர்த்து எடுத்துக்கொண்டு போய் “மொத்தமாக என்ன போடலாம்?” என்று கேட்டால் பெரும்பாலும் அவர்களே குறைப்பார்கள். மேசைக்கு அடியில் தரையோடு இருக்கிற மலிவுப் பெட்டிகளை விடாதீர்கள், முட்டி வலிக்கும், ஆனால் பெயர் தெரியாத ஒன்றைத் துணிந்து வாங்கிப் பார்க்க அதுதான் இடம். உங்கள் பயணம் ஏப்ரலில் என்றால் சின்ன ரெக்கார்டு கடைகளைக் கொண்டாடுகிற ரெக்கார்டு ஸ்டோர் டே எந்தச் சனிக்கிழமை என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2008 ஏப்ரல் 19இல் ஆரம்பித்தது, சின்னக் கடைகள் பலவற்றுக்கு வருஷத்திலேயே பெரிய வியாபார நாள், அதனால் அந்த நாள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அன்றைக்கு வாசலில் வரிசை, உள்ளே நெரிசல், கடைக்காரருக்குப் பேச நேரமிருக்காது. சுற்றிப் பார்க்க வார நாளின் மதியம்தான் நல்லது.

நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்றுகிற பழைய தட்டுகளும் சில கடைகளில் கண்ணில் படும். 1948இல் கொலம்பியா நிறுவனம் எல்பியைக் கொண்டுவருவதற்கு முன் இருந்தது அதுதான். அரக்கு கலந்து செய்தது, கைதவறினால் உடைந்துவிடும், ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைத்தால் கரைந்துவிடும், எல்பிக்கான முள் அதற்குப் பொருந்தாது. அதற்கென்று முள் வாங்கும் வரை ஆசைப்பட வேண்டாம்.

கடைக்காரரிடம் எப்படிப் பேசுவது என்று தயங்குகிறீர்கள். “ஏதாவது நல்லது சொல்லுங்கள்” என்று பொதுவாகக் கேட்டால் யாருக்கும் பதில் வராது. நீங்கள் எடுத்த இரண்டு தட்டைக் கல்லாவில் வைத்து, “இது எனக்கு ரொம்பப் பிடிக்கும், இந்த மாதிரி எனக்குத் தெரியாதது ஏதாவது இருக்கிறதா?” என்று கேளுங்கள். இந்தக் கேள்வி வந்தால் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு எழுந்து போவேன், இதற்காகத்தான் இந்த வேலைக்கே வந்தோம் என்று தோன்றும். கேட்டுப் பார்க்க பிளேயர் இருந்தால் மூன்று நாலு தட்டை மட்டும் எடுத்துப் போங்கள், முழுப் பாட்டும் வேண்டாம், ஆரம்பத்தில் அரை நிமிஷம், கடைசிப் பாட்டில் அரை நிமிஷம், சந்தேகமான கீறல் இருக்கிற இடம். வேண்டாம் என்று முடிவு செய்த தட்டை எடுத்த இடத்திலேயே வையுங்கள், இடம் மறந்துவிட்டால் கல்லாவில் கொடுங்கள். தப்பான இடத்தில் வைத்த தட்டு அந்தக் கடையில் தொலைந்த தட்டு.

கடைசியாக, ஊருக்குக் கொண்டுவருவது. உறையோடு ஒரு எல்பி 250 முதல் 300 கிராம் வரை வரும், இருபது வாங்கினால் ஐந்தாறு கிலோ, முன்பே பையில் இடம் விடுங்கள். கைப்பையில் செங்குத்தாக நிறுத்தி வைப்பதுதான் பத்திரம், பெட்டியில் போட்டே ஆக வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் கெட்டி அட்டை வைத்து, நடுவில் துணிக்குள் புதையுங்கள். தட்டை உள்ளுறையோடு வெளியே எடுத்து அட்டை உறைக்குப் பின்னால் வைத்து, இரண்டையும் சேர்த்துப் பிளாஸ்டிக் வெளியுறையில் போட்டுத் தரச் சொல்லுங்கள், கேட்டால் செய்வார்கள். இல்லையென்றால் பை ஒரு தடவை தொப்பென்று விழுந்தாலே தட்டு உறையின் அடித்தையலைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். வெயிலில் நிறுத்திய காரில் ஒரு மணி நேரம்கூட விட்டுவிட்டுப் போகாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் ஆசையில் உடனே போடாமல், எல்லாவற்றையும் ஒரு தடவை கழுவிக் காயவைத்து, புது உள்ளுறைக்கு மாற்றிவிட்டுப் போடுங்கள். உறையின் பின் மூலையில் பென்சிலால் தேதியும் கடையின் பெயரும் எழுத மறக்க வேண்டாம்.